வைத்தாள், வைத்துக்கொள்ளவில்லை

அக்கா ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளிடம் இங்கிலீஷ் தாராளமாகவே இருந்தது. பக்கெட், மக், டவல், சோப்பு, பெட்ஷீட், பில்லோ, ஹேங்கர் என்று ஒரு வண்டி நிறைய. சும்மா சொல்லவில்லை, அவள் தள்ளிக்கொண்டு போகிற வண்டியில் இருந்த அத்தனை சாமானுக்கும் அவளுக்கு இங்கிலீஷில் பேர் தெரியும். தெரியாததைக் கையால் சுட்டிக் காட்டினால் யாராவது பேர் சொல்லிவிடுவார்கள், சாயங்காலத்துக்குள் அது அவள் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போனதெல்லாம் வினைச்சொல்தான். துடைப்பத்தைச் சுட்டிக் காட்டலாம். துடைப்பதை எப்படிச் சுட்டிக் காட்டுவது?

யாருக்கு அக்கா என்று கேட்டால், எல்லோருக்கும்தான். உடன்பிறந்தவர்களில் மூத்தவள். தம்பி தங்கைகள் கூப்பிட்டது தெருவுக்கும் பரவி, கடைசியில் கட்டிய புருஷனே சண்டை முற்றினால் "சரிங்க அக்கா" என்று கும்பிடுகிற அளவுக்குப் போய்விட்டது. நாமும் அப்படியே கூப்பிடுவோம், தப்பில்லை.

புருஷன் ஒரு கோடவுனில் பெட்டி ஏற்றி இறக்குகிறவர். கடல் தாண்டி இந்த ஊருக்கு முதலில் வந்தவர் அவர்தான். வந்து, காலூன்றி, வாடகைக்கு இரண்டு அறை பிடித்து, பிறகுதான் அக்காவையும் மகளையும் கூப்பிட்டுக்கொண்டார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது தோள்பட்டையில் ஏதோ அறுந்துவிட்டது. ஆபரேஷன் ஆயிற்று. கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டபடி மனுஷன் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். அதுவரை வாசலைத் தாண்டாத அக்கா, ஆட்கள் வந்து தங்கிப் போகிற அந்த ஹோட்டலில் அறை சுத்தம் செய்யப் போனாள். முதல் சில மாதம் பார்ப்பார்கள், பிடித்தால் வேலை நிரந்தரம், பிடிக்காவிட்டால் வந்த வழியே போக வேண்டியதுதான். வீட்டில் உலை கொதிப்பது அந்த 'பிடித்தால்' என்கிற ஒரு சொல்லை நம்பித்தான் இருந்தது.

நம் ஆட்களுக்கு இங்கிலீஷ் வினைச்சொல் தனியாக நிற்காது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். கிளீன் பண்ணு, வாஷ் பண்ணு, செக் பண்ணு என்று பின்னால் ஒரு 'பண்ணு' கைத்தாங்கலாக வர வேண்டும். நாள் முழுக்க நாம் இங்கிலீஷ் பேசுகிற மாதிரி இருக்கும், உண்மையில் அந்த 'பண்ணு'தான் எல்லா வேலையையும் செய்துகொண்டிருக்கும். இங்கிலீஷ்காரர்களிடம் பேசும்போது அந்தப் 'பண்ணு'வை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். அப்போதுதான் தெரியும், எந்தச் சொல் எந்தப் பக்கம் சாயும் என்று.

அக்காவின் சொற்கள் எல்லாப் பக்கமும் சாய்ந்தன. அவளுக்கு மேலே சூப்பர்வைசராக இருந்த அம்மாள் பெரிய உருவம். இடுப்பில் ஒரு வளையம் நிறைய சாவி. எல்லாக் கதவும் கார்டுக்கு மாறிய பிறகும் அலமாரிகளுக்கும் ஸ்டோர் ரூமுக்கும் சாவிதான், அத்தனையும் அவள் இடுப்பில்தான். அவள் வருவதற்கு முன்னால் சத்தம் வரும். வீட்டில் அவளைப் பற்றிப் பேசும்போது அக்கா வைத்த பேர் சாவிக்கொத்து. முதல் நாள் வேலை முடிந்ததும் அவளிடம் மரியாதையாக விடைபெற வேண்டுமே என்று, 'போயிட்டு வரேன்' என்பதை அப்படியே தூக்கி, "ஐ கோ அண்ட் கம்" என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். போகிறேன், வருகிறேன் என்று சொன்னவள் வருவாள் என்று சாவிக்கொத்து லிஃப்ட் பக்கத்தில் வெகுநேரம் காத்துக்கொண்டிருந்தாளாம். மறுநாள் காலையில் கேட்டபோது அக்கா, இதோ வந்துவிட்டேனே என்று நின்றாள்.

இன்னொரு நாள் ஒரு அறையில் ஜன்னல் கண்ணாடி முழுக்க விரல் தடம். இதைக் கொஞ்சம் கவனிக்க முடியுமா என்று சாவிக்கொத்து கேட்டாள். 'நான் பாத்துக்கறேன், நீங்க கவலையே படாதீங்க' என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல ஆசைப்பட்ட அக்கா, "ஐ வில் சீ" என்றாள். இங்கிலீஷில் அதற்குப் 'பார்க்கலாம், முடிந்தால் செய்கிறேன்' என்று அர்த்தமாம். சூப்பர்வைசரிடம் புது வேலைக்காரி சொல்கிற பதிலா இது? சாவிக்கொத்தின் புருவம் ஏறியது. அதற்குள் அக்கா துணியை எடுத்துக்கொண்டு ஜன்னலில் ஏறிவிட்டாள். புருவம் இறங்கியது. அக்காவின் வாய் கெடுத்ததையெல்லாம் அவள் கை சரிசெய்துகொண்டே வந்தது, அப்படித்தான் வண்டி ஓடியது.

அவளுக்கு ரொம்பப் பிடித்த வினைச்சொல் ஒன்று உண்டென்றால் அது கீப். அதை அவள் எங்கேயும் தேடிப்போய்ப் பிடிக்கவில்லை, அவள் வேலையின் பேரிலேயே இருந்தது. ஹவுஸ்கீப்பிங். ஹவுஸ் என்றால் வீடு. வீட்டில் நாம் என்ன செய்கிறோம்? எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கிறோம். ஆக கீப் என்றால் வைப்பது. அவளாகக் கண்டுபிடித்த கணக்கு இது, இதைவிடச் சுத்தமான கணக்கு வேறு என்ன வேண்டும்? தவிர நம் ஊர் இங்கிலீஷில் எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள், டேபிள் மேல் கீப் பண்ணு, ஃப்ரிட்ஜில் கீப் பண்ணு என்று. அதனால் அக்கா டவலைக் கீப் செய்தாள், சோப்பைக் கீப் செய்தாள், செருப்பைக் கட்டிலுக்கு அடியில் ஜோடியாகக் கீப் செய்தாள். யாரும் அவளைத் திருத்தவில்லை. சோப்பு விஷயத்தில் யாருக்கு என்ன நஷ்டம்?

சோதனைக் காலம் முடியக் கொஞ்ச நாள் இருக்கும்போது அந்தப் பெரியவர் வந்து தங்கினார். தனியாக வந்திருந்தார். பேத்தி பள்ளிக்கூட மேடையில் பாடப் போகிறாள், அதைக் கேட்க வந்திருக்கிறேன் என்று வரவேற்பு மேசையில் இருந்து லிஃப்ட்காரர் வரைக்கும் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். சொன்னார் என்றா சொன்னேன், கத்தினார். அவருக்குக் காது மந்தம். இரண்டு காதிலும் சின்னதாக, மொச்சைக்கொட்டை அளவில், காது மிஷின் வைத்திருந்தார். தூங்கும்போது கழற்றி டிஷ்யூ பேப்பரில் சுருட்டித் தலைமாட்டில் வைப்பது பழக்கம்.

அன்று காலை அதை மறந்துவிட்டுக் கீழே சாப்பிடப் போய்விட்டார். அக்கா அறைக்குள் வந்தாள். தலைமாட்டில் கசங்கிய டிஷ்யூ ஒரு உருண்டை. வேறு யாராக இருந்தாலும் அது நேராகக் குப்பைப் பைக்குள் போயிருக்கும். ஆனால் அக்காவின் மகள் பல்லில் கிளிப் போட்டவள். சாப்பிடும்போது அதைக் கழற்றி டிஷ்யூவில் சுருட்டி வைப்பாள், அக்கா அதைக் குப்பையில் போடுவாள், பிறகு குடும்பமே குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துத் தேடும். பட்ட பாட்டில் அக்காவின் விரலுக்கு ஒரு புத்தி வந்திருந்தது, எந்த டிஷ்யூவாக இருந்தாலும் அழுத்திப் பார்க்காமல் போடுவதில்லை. அழுத்தினாள். உள்ளே கெட்டியாக ஏதோ இருந்தது. பிரித்துப் பார்த்ததும் அவளுக்குப் பகீரென்றது.

ஈரம் பட்டால் கெட்டுவிடுமே, கீழே விழுந்தால் யாராவது மிதித்துவிடுவார்களே என்று யோசித்தாள். அறையில் இருந்த காபி கப் ஒன்றைத் துடைத்து, அதற்குள் புது டிஷ்யூ விரித்து, மிஷின் இரண்டையும் அதில் வைத்து, மேலே சாசரைக் கவிழ்த்து மூடி, கண்ணாடிக்குக் கீழே இருந்த பலகையில் பெரியவர் கண்ணில் படுகிற மாதிரி வைத்தாள். பெற்ற பிள்ளைக்குப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, நிம்மதியாக அடுத்த மாடிக்குப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு அந்த அறையின் குளியலறையில் குழாய் வெடித்துவிட்டது. அறையெல்லாம் தண்ணீர். பெரியவரின் பெட்டி, சட்டை, செருப்பு, மருந்து எல்லாவற்றையும் அவசர அவசரமாக வாரி அதே வராந்தாவில் வேறு அறைக்கு மாற்றினார்கள். கப்பையும் சாசரையும் யாரும் எடுக்கவில்லை. அது ஹோட்டல் கப், அதை எதற்கு எடுப்பார்கள்? அக்காவுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் மேலே யாரோ ஒரு குழந்தை சுவரில் அப்பிய பற்பசையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டார். அறையில் மேனேஜர், சாவிக்கொத்து, நாற்காலியில் அந்தப் பெரியவர். மேனேஜரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற மனுஷன். பெரியவர் புது அறையைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தும் மிஷின் கிடைக்கவில்லை, சாயங்காலம் பேத்தி பாடுகிறாள், அவர் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். மேனேஜர் தன் காதைத் தொட்டுக் காட்டி, காலையில் இந்த மாதிரி ஒன்றைப் பார்த்தாயா என்று அக்காவிடம் கேட்டார்.

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. பாராட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள், பாவி. 'எடுத்து வெச்சேன் சார்' என்று மனசுக்குள் தமிழ் ஓடியது. எடுத்து என்றால் டேக். வைத்தேன் என்றால் அவளுடைய செல்லச் சொல்.

"யெஸ் சார்! ஐ டேக். ஐ கீப்."

இங்கிலீஷ் தெரிந்த காதுக்கு இது எப்படிக் கேட்கும் என்று சொல்ல வேண்டுமா? 'ஆமாம் சார். எடுத்தேன். நானே வெச்சுக்கிட்டேன்.'

மேனேஜர் தன் காதையே நம்பாமல், நீயா எடுத்தாய், நீயா கீப் பண்ணினாய் என்று நிதானமாகத் திருப்பிக் கேட்டார். சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று அக்கா கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். 'பத்திரமா' என்பதற்கும் ஒரு சொல் ஞாபகம் வந்தது.

"யெஸ் சார். சேஃப் ஐ கீப்."

அதைக் கிவ் பேக் செய்வாயா, திருப்பிக் கொடுப்பாயா என்று மேனேஜர் கேட்டார். அக்காவின் காதில் கிவ் மட்டும் விழுந்தது. அட, வேறு யாரிடமாவது தூக்கிக் கொடுத்துவிட்டாயா என்றல்லவா கேட்கிறார்! அவளுக்கு ரோஷமே வந்துவிட்டது.

"நோ சார்! நோ கிவ். நோபடி ஐ கிவ். ஐ கீப்."

ஒரு பொய் சொல்லவில்லை. சொன்ன ஒவ்வொரு சொல்லும் சத்தியம். இந்த லட்சணத்தில் வாக்குமூலம் கொடுத்த திருடி உலகத்திலேயே இருக்க மாட்டாள். மேனேஜர் பெருமூச்சு விட்டு, அவள் கழுத்தில் தொங்கிய கதவுக் கார்டைக் காட்டிக் கையை நீட்டினார்.

அந்தக் கைக்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை. அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. எது தப்பாகப் போயிற்று என்று தெரியவில்லை, ஏதோ பெரிதாகப் போய்விட்டது என்று மட்டும் தெரிந்தது. வேலை போகிறது, சரி, அதையாவது வீட்டில் போய்ச் சொல்லிவிடலாம். எதற்காகப் போயிற்று என்று புருஷன் கேட்டால்? மகள் கேட்டால்? தங்கினவர்கள் விட்டுப்போன பாதி சோப்பைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாதவள் அவள். தமிழில் என்றால் ஒரே மூச்சில் அத்தனையும் கொட்டியிருப்பாள். இங்கே வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. திறந்ததால்தானே இவ்வளவும். கழுத்துப் பட்டையைத் தலைக்கு மேலே கழற்றி மேனேஜரிடம் கொடுத்தாள்.

"வெயிட்," என்றாள் சாவிக்கொத்து.

அவள் அதுவரை பேசவே இல்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து, மேனேஜருக்கும் அக்காவுக்கும் நடுவில் நின்றுகொண்டாள். மேசையில் இருந்த டிஷ்யூ டப்பாவிலிருந்து ஒன்றை உருவி, கசக்கி, அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"நோ டாக். ஷோ. ஷோ மீ."

ஷோ. அது அக்காவுக்குத் தெரிந்த சொல். மகள் ரிப்போர்ட் கார்டை ஒளிக்கும்போது புருஷன் போடுகிற அதட்டல் அது. காட்டு.

அக்கா காட்டினாள். முதலில் கை ஓடவில்லை, ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டது. மேனேஜரின் மேசைதான் கட்டில். தலைமாட்டில் டிஷ்யூ. குப்பையில் போடப் போகிறாள், நிற்கிறாள், அழுத்துகிறாள், கண் விரிகிறது. பிரிக்கிறாள். காதைத் தொட்டுக் காட்டுகிறாள். மேனேஜர் குடித்து வைத்திருந்த காபி கப்பை எடுத்தாள். அதில் மிச்சம் இருந்ததைப் பூந்தொட்டியில் ஊற்றினாள், அதற்காகப் பிற்பாடு மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள். முந்தானை இல்லாத யூனிஃபார்ம், அதன் ஓரத்தாலேயே கப்பைத் துடைத்தாள். டிஷ்யூவை உள்ளே விரித்து, இல்லாத மிஷினை இரண்டு விரலால் இருக்கிற மாதிரியே மெதுவாக இறக்கி, சாசரைக் கவிழ்த்து மூடி, சுவர்ப் பலகையில் வைத்து, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்ப்பது போல நின்று, இங்கே என்று தட்டிக் காட்டினாள்.

"புட்!" என்று ஒரு சத்தம் கேட்டது. எல்லோரும் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார்கள்.

பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்திருந்தார். காது கேட்காத மனுஷன், தன் சத்தம் தனக்கே தெரியாமல் அறை அதிரக் கத்தினார். "ஷீ புட் இட்! ஷீ புட் இட் இன் த கப்!"

அந்த அறையில் அவள் சொன்ன டேக்கையும் கீப்பையும் கேட்காதவர் அவர் ஒருவர்தான். கண்ணால் பார்த்தது மட்டும்தான் அவருக்கு. அதனால் முதலில் புரிந்துகொண்டவரும் அவரே. அக்கா அந்தப் புட் என்ற சொல்லை வாயில் போட்டுப் பார்த்தபடி, எல்லோருக்கும் முன்னால் மாடிப்படி ஏறினாள். லிஃப்டுக்குக் காத்திருக்க அவளால் முடியவில்லை.

அவள் போய் நின்றது பழைய அறை வாசலில். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த அறையில் யாருமே தேடவில்லை. உள்ளே குழாய் ரிப்பேர்காரர் முழங்கால் வரை பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வேலையில் இருந்தார். கண்ணாடிக்குக் கீழே பலகையில் கப் இருந்தது, சாசரும் அதன் மேலேயே இருந்தது. கழற்றிய திருகாணிகளை வைக்க நல்ல இடம் கிடைத்தது என்று அவர் அந்தச் சாசரின் முதுகில் திருகாணிகளை அடுக்கியிருந்தார். சாவிக்கொத்து திருகாணிகளை அவர் கையில் கொட்டிவிட்டுச் சாசரைத் தூக்கினாள். டிஷ்யூ படுக்கையில் மிஷின் இரண்டும் ஒரு பொட்டு ஈரம் படாமல் இருந்தன.

பெரியவர் அவற்றை மாட்டிக்கொண்டார். கீச்சென்று ஒரு சத்தம் வந்து அடங்கியது. தேங்க் யூ என்று உச்சக் குரலில் ஆரம்பித்தவர், தன் குரல் தனக்கே கேட்டதும் வெட்கப்பட்டு, அதே தேங்க் யூவை மறுபடி மெதுவாகச் சொன்னார். மேனேஜர் கார்டை அவரே அக்காவின் கழுத்தில் மாட்டிவிட வந்து, அது சரியாக இருக்காது என்று தயங்கி, இரண்டு கையாலும் கொடுத்தார். சாரி என்றார். ஒரு தடவை இல்லை, வழியெல்லாம் சொன்னார். அக்கா ஈரத் தரை என்றும் பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். குழாய்க்காரர் தன்னால்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து அவரும் ஒரு சாரி சொன்னார்.

துணி அடுக்கும் அறையில் வைத்துச் சாவிக்கொத்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு தன் கதையைச் சொன்னாள். பாதி சொல், பாதி கை. அவளுக்கும் இங்கிலீஷ் தாய்மொழி இல்லை. அவள் மொழியில் செய்வதற்கும் உண்டாக்குவதற்கும் ஒரே சொல்தானாம். இளம்வயதில் ஒரு வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. குழந்தைக்கு வேண்டியதெல்லாம் நானே செய்கிறேன், உங்கள் புருஷனும் கூடமாட உதவுகிறார் என்று அந்த வீட்டு எஜமானியம்மாவிடம் சொல்லப் போய், உங்கள் புருஷனும் நானும் பேபி மேக் பண்ணுகிறோம் என்று சொல்லிவிட்டாளாம். அன்று சாயங்காலமே பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார்கள். அவளை யாரும் ஷோ என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதை எப்படிக் காட்டுவது என்று சொல்லி அவள் சிரித்த சிரிப்பில் சாவியெல்லாம் குலுங்கியது. அக்காவும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னதும் புருஷன் முகத்தில் ஈயாடவில்லை.

"கீப்னா சொன்ன? மேனேஜர்கிட்டயா?"

"வெச்சேன்னு சொன்னேங்க. வேற என்ன சொல்வாங்க?"

"வைக்கறது புட். கீப்னா வெச்சுக்கறது."

அக்கா இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். வைத்தேன், வைத்துக்கொண்டேன். தமிழில் இந்த இரண்டையும் அவள் பிறந்ததிலிருந்து மாற்றிச் சொன்னதில்லை. ஒரு கொண்டேனில் இருக்கிறது நாணயமானவளுக்கும் திருடிக்கும் நடுவில் உள்ள தூரம். இத்தனை நாள் சோப்பையும் டவலையும் வைத்துக்கொண்டேன், வைத்துக்கொண்டேன் என்று ஊருக்கே தம்பட்டம் அடித்திருக்கிறாள்! புருஷன் அதோடு விடவில்லை. நம்ம ஆட்கள் ஒருத்தரைக் காட்டி அவருக்கு ஒரு கீப் இருக்கு என்று எந்த அர்த்தத்தில் சொல்கிறார்கள், அதையாவது யோசித்தாயா என்றார். மகள் என்ன அர்த்தம் என்று கேட்டாள். போய்ப் படி என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அதன்பிறகு வீட்டில் எந்தப் பாத்திரத்தை இறக்கினாலும் அக்கா வாய்க்குள் புட், புட் என்று சொல்லிக்கொண்டாள். நடுநடுவே கை நின்றுவிடும். அந்த அம்மாள் அந்த நேரத்தில் வெயிட் என்று எழுந்திருக்காவிட்டால் இந்த வீடு இன்று எப்படி இருக்கும் என்று நினைப்பாள். அவளுக்கு என்ன தலையெழுத்தா? அக்காவோ நேற்று வந்த ஒருத்தி, இனத்தானா, ஜனத்தானா, பேசுகிற மொழியாவது ஒன்றா? தன் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கலாம். எழுந்தாளே. நன்றி என்று சொன்னால் நம் வாய்க்கே அது அந்நியமாக இருக்கும், வேண்டியவர்களுக்கு நாம் நன்றியா சொல்கிறோம், வயிறு நிறையப் போடுகிறோம். தேங்க் யூவோ அங்கே லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தவனுக்கும் சொல்கிற சொல். அக்காவின் மனசில் இருந்த அளவுக்கு ஒரு வினைச்சொல் அவளுக்குக் கிடைக்கவில்லை. அதனால் சாவிக்கொத்தைப் பார்க்கும்போதெல்லாம் வெறுமனே சிரித்தாள். அவள் கேட்காமலேயே ஸ்டோர் ரூம் அலமாரிகளை எல்லாம் துடைத்து வைத்தாள்.

சோதனைக் காலம் முடிந்தது. மறுபடியும் அதே அறை, அதே மேனேஜர், பக்கத்தில் சாவிக்கொத்து. அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மிஷின் கிடைத்தது உண்மைதான், ஆனால் இப்படி ஒருத்தியை எதற்கு வம்புக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று மேனேஜர் நினைத்தால் அதையும் தப்பென்று சொல்ல முடியாதே என்று ராத்திரியெல்லாம் அவளுக்கு ஒரே யோசனை. மேனேஜர் எதையோ படித்தார், நிமிர்ந்தார், சாவிக்கொத்தைப் பார்த்துக் கேட்டார்.

"டு யூ வான்ட் டு கீப் ஹெர்?"

கீப் என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், அக்கா பதறிவிட்டாள். மறுபடியுமா? இப்போது என்ன காணாமல் போயிற்று?

"நோ சார்! நோ கீப்!" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். "ஐ புட், சார். ஆல்வேஸ் ஐ புட். நோ கீப், சார்."

மேனேஜருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சாவிக்கொத்துக்குப் புரிந்துவிட்டது. அவள் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு முற்றிக் கண்ணில் தண்ணீர் வந்து, பிறகு அந்தத் தண்ணீர் சிரிப்பால் வந்ததா வேறு எதனாலா என்று சொல்ல முடியாதபடி ஆகிவிட்டது. எழுந்து வந்தாள். விரித்து நின்ற அக்காவின் கை ஒன்றைப் பிடித்தாள். இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்தி, அந்தக் கையைத் தன் இடுப்போடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். சாவிகள் அக்காவின் புறங்கையில் குத்தின. அவள் பிடியை விடவில்லை. அக்காவின் முகத்துக்கு நேராகக் குனிந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"திஸ். திஸ் இஸ் கீப்."

பிறகு மேனேஜரைப் பார்த்து, "யெஸ். ஐ கீப் ஹெர்," என்றாள்.

அக்காவுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. வேலை, வாடகை, புருஷனின் கை, மகளின் படிப்பு எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தன. இங்கிலீஷில் இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று தேடவில்லை, தேடினாலும் கிடைத்திருக்காது. தன் பாஷையிலேயே சொன்னாள்.

"வெச்சுக்கோங்க மேடம்."

சாவிக்கொத்துக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. யெஸ், யெஸ் என்று தலையாட்டினாள்.